வாளியும் கைக்கடிகாரமும் – கடிதம்

அன்புள்ள சார்,

டாலஸில் பதினோரு வருடமாக இருக்கிறேன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது. கன்ட்ரி என்ற அமெரிக்கக் கிராமிய இசையைப் பாடும் கேரி அண்டர்வுட் என்றால் உயிர். என்னோடு வேலை பார்க்கும் டெக்ஸஸ்காரர் ஒருவர், “அவர் டிவியில் ஓட்டு வாங்கி வந்தவர். அசல் கன்ட்ரி பாடகர்கள் பாரில் பத்து வருடம் பாடி, பட்டினி கிடந்து வந்தவர்கள்” என்றார். எனக்கும் அது சரியென்றே பட்டது. வீட்டில் சொன்னேன். மகள் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. டிவிப் போட்டியில் கிடைத்த புகழை உழைத்துப் பெற்ற வெற்றி என்று எப்படிச் சொல்ல முடியும்? மகள் பள்ளியில் ஒரு பாட்டுப் போட்டிக்குப் பெயர் கொடுக்க ஆசைப்படுகிறாள். சேர்க்கலாமா? நம்மூர் டிவி பாட்டுப் போட்டிகளோடு ஒப்பிட்டும் எழுதுங்கள். புதிதாகக் கேட்பவர்களுக்கு ஒரு பட்டியலும் கொடுத்தால் நன்றாக இருக்கும்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பட்டியல் கிடையாது. ஒப்பீடும் கிடையாது. நம்மூர்ப் போட்டியில் ஜெயித்தால் போய் நிற்கும் இடம் சினிமா. அது வேறு ஊர், வேறு வழக்கு.

முதலில் மகளிடம் போய், “அப்பா தெரியாமல் பேசிவிட்டேன்” என்று சொல்லுங்கள். உண்மையிலேயே தெரியாமல்தான் பேசியிருக்கிறீர்கள். 2005இல் ‘அமெரிக்கன் ஐடல்’ என்ற அந்த டிவிப் போட்டியில் ஜெயித்தபோது கேரி அண்டர்வுட் ஓக்லஹோமாவின் செக்கோட்டா என்ற சின்ன ஊரிலிருந்து வந்த கல்லூரி மாணவி. அதற்கும் முன்னால், பதின்வயதின் தொடக்கத்திலேயே, ஒரு பெரிய ரெக்கார்டு கம்பெனியின் ஒப்பந்தம் கைக்கு வரும் நேரத்தில் நழுவிப் போயிருந்தது. 2008இல் நாஷ்வில் நகரின் கன்ட்ரி இசை மேடையான கிராண்ட் ஓல் ஆப்ரி அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1925 முதல் நடக்கும் அந்த மேடையின் ஆட்கள் உங்கள் நண்பரைவிடக் கறாரானவர்கள்.

ஆனால் உங்கள் கடிதத்தில் என்னை உறுத்தியது அந்தப் ‘பட்டினி’ என்ற சொல். கலைஞன் என்றால் பசியில் கிடந்திருக்க வேண்டும் என்று வயிறு நிறைந்தவர்கள்தான் ஆசைப்படுவார்கள். உங்கள் நண்பரிடம் ஒரு பெயரைச் சொல்லிப் பாருங்கள்: லொரெட்டா லின். கென்டக்கி மலைக்குள் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியின் மகள். “அவரல்லவோ அசல்!” என்று மார்பில் கை வைப்பார். அந்த லொரெட்டா லின் வெளியே தெரிந்தது எப்படி? வாஷிங்டன் மாநிலத்தில் டகோமா நகரில் பக் ஓவன்ஸ் நடத்திய டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்து. பரிசு ஒரு கைக்கடிகாரம். மறுநாளே அது நின்றுபோனது என்று பின்னாளில் சொல்லிச் சிரிப்பார். டிவியில் அவரைப் பார்த்த கனடாக்காரர் ஒருவர் பணம் போட, 1960இல் முதல் இசைத்தட்டு வந்தது. அதன்பின் கணவனும் மனைவியுமாகக் காரில் கிளம்பி, ஊர் ஊராக ரேடியோ நிலையங்களில் இறங்கி, தட்டைக் கையில் கொடுத்து “போடுங்கள்” என்று கெஞ்சினார்கள். ராத்திரி தூக்கம் காரிலேயே. தட்டு பில்போர்டு பத்திரிகையின் கன்ட்ரி பாட்டு வரிசையில் 14ஆம் இடம் வரை ஏறியது. இதில் எது டிவி கொடுத்தது, எது உழைப்பு கொடுத்தது என்று கத்தியால் கோடு கிழித்துக் காட்டுங்கள், பார்ப்போம்.

போட்டி என்பது கன்ட்ரி இசைக்கு நேற்று ஒட்டிக்கொண்ட நோயல்ல. அட்லாண்டாவில் 1913 முதல் பிடில் போட்டி நடந்தது. அதில் பேர் வாங்கிய பஞ்சாலைத் தொழிலாளி பிடிலின் ஜான் கார்சன் 1923இல் பதிவு செய்த தட்டு விற்ற பிறகுதான் கிராமத்து இசையை விற்கலாம் என்றே கம்பெனிகளுக்கு உறைத்தது. ஹாங்க் வில்லியம்ஸ் பையனாக இருந்தபோது மான்ட்கோமரி தியேட்டர் ஒன்றில் போட்டியில் பாடி வாங்கியது 15 டாலர். பேசிக்கொண்டே போகலாம், விடுங்கள்.

பேட்ஸி க்ளைன் கதையை மட்டும் விடமுடியாது. உங்கள் கடிதம் வந்த வாரம் அவர் பாட்டுகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தேன். 1957 ஜனவரி 21, ஆர்தர் காட்ஃப்ரியின் டிவி நிகழ்ச்சி. பாடுகிறவரை யாராவது ஒருவர் ‘கண்டுபிடித்து’ அழைத்து வரவேண்டும் என்பது அதன் விதி. பேட்ஸியைக் கண்டுபிடித்தவர் அவருடைய சொந்த அம்மா! குடும்பப் பெயர் வேறாக இருந்ததால் சமாளித்துவிட்டார்கள். அம்மா தைத்துக் கொடுத்த கௌகேர்ள் உடுப்பை மாற்றி விருந்துக் கவுன் போடச் சொன்னார்கள். அவர் பாட நினைத்த பாட்டு வேறு. ‘வாக்கிங் ஆஃப்டர் மிட்நைட்’டைத்தான் பாடவேண்டும் என்று நிகழ்ச்சிக்காரர்கள் பிடிவாதம் பிடித்தார்கள். அவருக்குப் பெரிதாகப் பிடிக்காத பாட்டு. கைதட்டலை அளக்கும் மீட்டர் எகிறியது. பாட்டு கன்ட்ரி வரிசையில் இரண்டாம் இடம்.

அப்புறம்? மூன்று வருடத்துக்கு மேல் ஒன்றுமே இல்லை.

குரல் அதே குரல். கஷ்டத்துக்கும் குறைவில்லை, வின்செஸ்டரில் பள்ளியைப் பாதியில் விட்டு, மருந்துக்கடையில் சோடா ஊற்றிக் கொடுத்தவர், வருடக்கணக்கில் கிளப்புகளில் பாடியவர். டிவிப் புகழும் வந்தாயிற்று. பிறகு ஏன் ஓடவில்லை? 1954இல் ஒரு ரெக்கார்டு கம்பெனிக்கு அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம். அந்தக் கம்பெனியிடம் உரிமை இருந்த பாட்டுகளை மட்டுமே அவர் பதிவு செய்யலாம். அலமாரியில் இருந்ததோ பெரும்பாலும் சப்பைப் பாட்டுகள். 1960இல் ஒப்பந்தம் முடிந்தது. 1961இல் ‘ஐ ஃபால் டு பீசஸ்’ முதலிடம். அந்த ஜூனில் கார் விபத்தில் சாகப் பிழைத்தார். ஆகஸ்டில் ஊன்றுகோலோடு ஸ்டூடியோவுக்கு வந்து, வில்லி நெல்சன் எழுதிய ‘க்ரேசி’யைப் பாட முயன்றார். விலா வலியில் உச்ச ஸ்வரம் எட்டவில்லை. இசையை மட்டும் பதிந்து வைத்துவிட்டு, பிறகொரு நாள் வந்து பாடிக் கொடுத்தார். அந்த இரண்டு பாட்டுமே அவருக்கு முதலில் பிடிக்கவில்லை என்பார்கள். ஆக, பாடகர்தான் தேர்ந்தெடுக்கவேண்டும் என்றும் என்னால் வாதாட முடியாது. தேர்ந்தெடுக்க நாலு நல்ல பாட்டாவது எதிரே இருக்கவேண்டும், அவ்வளவுதான். நீங்கள் உழைப்பு, ஓட்டு என்று அலைகிறீர்கள். நான் ஒன்றைத்தான் கேட்பேன்: பாட்டு யாருடைய அலமாரியிலிருந்து வருகிறது?

இதனால்தான் டிவிப் போட்டியில் தோற்றவர்கள் சில சமயம் கொடுத்து வைத்தவர்கள் என்று நினைக்கிறேன். ‘நாஷ்வில் ஸ்டார்’ போட்டியில் 2003இல் மிராண்டா லாம்பர்ட் மூன்றாம் இடம். முதல் பெரிய ஆல்பத்தின் பன்னிரண்டு பாட்டில் பதினொன்றை எழுதியதில் அவர் கை இருக்கிறது. கேசி மஸ்கிரேவ்ஸ் அதே போட்டியில் 2007இல் ஏழாம் இடம். 2019இல் ஆண்டின் சிறந்த ஆல்பத்துக்கான கிராமி. ஸ்காட்டி மெக்ரீரி ‘அமெரிக்கன் ஐட’லில் பதினேழு வயதில் ஜெயித்தவர். ஆனால் பாட்டு வரிசையில் அவருக்கு முதல் நம்பர் ஒன் கிடைத்தது 2018இல். கம்பெனி அவரைக் கைகழுவிய பிறகு, தாத்தாவை நினைத்து அவரும் சேர்ந்து எழுதிய பாட்டுக்கு.

உங்கள் நண்பர் சொல்லும் அந்த பார் வாழ்க்கையை நானும் ஒரு மதியம் பார்த்தேன். நாஷ்வில்லில் கன்ட்ரி பார்கள் வரிசையாக நிற்கும் லோயர் பிராட்வே தெரு. செவ்வாய்க்கிழமை, இரண்டு மணி இருக்கும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் பாடிக்கொண்டிருந்தார். அங்கே நாலு மணி நேரம் ஒரு ஷிஃப்ட். வருமானம் பெரும்பாலும் டிப்ஸ். கூட்டத்தில் ஒரு பிளாஸ்டிக் வாளி சுற்றி வரும். இருபது டாலர் போட்டால் கேட்ட பாட்டைப் பாடுவார்கள். எல்லோரும் கேட்பது அதே ஐந்தாறு ஹிட் பாட்டுகள். ‘க்ரேசி’யை மட்டும் ஒரு மணி நேரத்தில் இரண்டு தடவை பாடினார், இரண்டாம் தடவை கண்ணை மூடிக்கொண்டு. நான் இருபது டாலரைப் போட்டு, “உங்கள் சொந்தப் பாட்டு ஒன்று” என்றேன். பேஸ் கிட்டார்காரரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பிறகு பாடினார். அண்ணன் விற்றுவிட்ட ஒரு டிராக்டரைப் பற்றிய பாட்டு. முன் மேஜைக்காரர்கள் போனை எடுத்துக்கொண்டார்கள். இரண்டு பேர் கவுண்டருக்குப் போனார்கள். பாட்டு முடிந்து வாளி திரும்பி வந்தபோது அதில் என் இருபது டாலர் மட்டும் கிடந்தது. அவர் அதைப் பார்க்காதது போல அடுத்த பாட்டுக்கு ஸ்ருதி சேர்த்துக்கொண்டிருந்தார்.

உங்கள் நண்பரின் அசல் பாதையிலும் பாட்டைத் தீர்மானிப்பது வாளிதான், எஸ். அங்கே பத்து வருடம் பாடினால் அடுத்தவர் பாட்டைப் பத்து வருடம் பாடியிருப்பீர்கள். டிவியில் அதையே ஒரு சீசனில் முடித்துவிடுகிறார்கள். இதில் ஒன்றை வியர்வை என்றும் மற்றதை லாட்டரி என்றும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பெண் இப்போது எங்கே பாடுகிறாரோ. அந்த டிராக்டர் பாட்டின் இரண்டாம் சரணம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எங்கேயோ போய்விட்டேன். மகளைப் போட்டியில் சேருங்கள், அதிலென்ன யோசனை? அவள் என்ன பாட்டு பாடப் போகிறாள், அதை யார் எடுத்துக் கொடுத்தது என்று மட்டும் எழுதவில்லையே. நீங்கள் என்றால், உடனே கையை எடுத்துவிடுங்கள்.

அன்புடன்,
ஆர்.