இமேஜினரியா, இமேஜினேட்டிவ்வா? கேள்வி பதில்

கேள்வி: என் மகள் நிறையக் கதை கட்டுவாள். அவளை ‘இமேஜினரி சைல்டு’ எனலாமா?

பதில்: கூடாதுங்க. அப்படி ஒரு குழந்தையே இல்லை என்று பொருளாகிவிடும். மனத்தில் மட்டும் இருப்பது இமேஜினரி. அதை நினைத்துப் பார்க்கும் திறன் உள்ளவரும், அந்தத் திறன் தெரிகிற படைப்பும் இமேஜினேட்டிவ். உங்கள் மகள் இமேஜினேட்டிவ். அவள் கதையில் பேசுகிற அணில் இமேஜினரி. ‘கற்பனைப் பாத்திரம்’, ‘கற்பனை வளம்’ என்று தமிழில் இரண்டுக்கும் ஒரே சொல் வருவதால்தான் தடுமாறுகிறோம். அகராதியில் ‘கற்பனை’ என்று பார்த்ததும் மூடிவிடாதீர்கள், எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் படியுங்கள்.

கேள்வி: வேலை விண்ணப்பத்தில் என்னைப் பற்றி எழுத எது சரி?

பதில்: இமேஜினேட்டிவ்.

கேள்வி: இமேஜினரி என்றால் பொய்தானே? கணிதத்தில் இமேஜினரி நம்பர் எப்படி வந்தது?

பதில்: பொய் வேறு, இது வேறு. பூமத்திய ரேகை கற்பனைக் கோடு என்று பள்ளியில் படித்தோம். தரையில் கோடு கிடையாது, ஆனால் அட்சரேகைக் கணக்கு அங்கேதான் தொடங்குகிறது.

எண்ணுக்கு வருவோம். பத்தை இரண்டாகப் பிரிக்க வேண்டும், பெருக்கினால் 40 வர வேண்டும். 1545இல் இத்தாலியக் கணித அறிஞர் கார்டானோ எடுத்துக்கொண்ட கணக்கு இது. ஐந்தும் ஐந்தும் பெருக்கினாலே 25தான், அதற்கு மேல் போகாது. அவர் 5 + √−15, 5 − √−15 என்று எழுதினார். கூட்டினால் 10. பெருக்கினால் 25 + 15, அதாவது 40. விடை சரி, ஆனால் −15க்கு வர்க்கமூலம் எங்கே இருக்கிறது? இப்படிப்பட்ட விடைகளைத்தான் 1637இல் தத்துவ, கணித அறிஞர் தெகார்த் பிரெஞ்சில் ‘இமாஜினேர்’ என்றார். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

கேள்வி: நான் மின் பொறியாளர். ஏசி (மாறுமின்னோட்ட) சர்க்யூட்டில் தினமும் பயன்படும் எண் எப்படி இல்லாததாகும்? பெயரே தப்பு.

பதில்: உங்கள் கட்சிதான் நானும். பிளஸ் ஒன், மைனஸ் ஒன், மைனஸ் ஒன்றின் வர்க்கமூலம் மூன்றையும் நேர், எதிர், பக்கவாட்டு அலகுகள் என்று அழைத்திருந்தால் இந்த மர்மமே வந்திருக்காது என்று ஜெர்மானியக் கணித அறிஞர் காஸ் 1831லேயே எழுதினார். எண்கோட்டுக்குச் செங்குத்தாக இன்னொரு கோடு போட்டால் அந்த எண்கள் அதில் வரிசையாக உட்கார்ந்துவிடும். ‘பக்கவாட்டு’ அருமையான பெயர், ஏற்கத்தான் ஆளில்லை.

கேள்வி: ‘இமேஜினரி ரைட்டர்’ சரியா?

பதில்: முதல் பதிலைப் படியுங்கள். எடுத்துக்காட்டு வாக்கியத்தையும் பாருங்கள்.

கேள்வி: ‘இமேஜினரி டீச்சர்’?

பதில்: அதே பதில்தான்.

கேள்வி: இமேஜினபிள்?

பதில்: நினைத்துப் பார்க்கக்கூடியது.