துளையில்லாத துளையுடலி

அன்புள்ள ஆசிரியருக்கு,

பதினோராம் வகுப்புக்கு விலங்கியல் எடுக்கிறேன். துளையுடலிகள், அதாவது கடற்பஞ்சுகள் என்றால் உடல் முழுக்கத் துளைகள், நீரை உள்ளிழுத்து வடிகட்டி உண்பவை என்று நடத்தினேன். ஒரு மாணவி எழுந்து, "ஆழ்கடலில் இரை பிடித்துத் தின்னும் கடற்பஞ்சு இருக்காமே, அதுக்குத் துளையே கிடையாதாமே. அப்புறம் எப்படி அது கடற்பஞ்சு?" என்றாள். பதில் சொல்ல முடியவில்லை.

கலைச்செல்வி

அன்புள்ள கலைச்செல்வி,

அந்தப் பெண்ணுக்கு என் பாராட்டைச் சொல்லுங்கள்.

கிளாடோரைசிடே என்ற அந்தக் குடும்பம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே தெரிந்ததுதான். ஆனால் வலையில் சிக்கி மேலே வந்தவை உயிரற்ற துண்டுகள். அவை எப்படி உண்கின்றன என்று யாரும் பார்த்ததில்லை. பிரான்ஸின் மத்தியதரைக் கடலோரத்தில் ஒரு குகை, ஆண்டு முழுக்கக் குளிர்ந்த நீரைத் தேக்கி வைத்திருக்கிறது. ஆழ்கடல் இனம் ஒன்று முக்குளிப்பவர்களின் கைக்கெட்டும் ஆழத்தில் அங்கே வாழ்ந்தது. ழான் வாசெலே, நிக்கோல் பூரி-எஸ்னோ என்ற ஆய்வாளர்கள் இருவரும் அதைக் கவனித்து 1995-இல் எழுதினார்கள்.

வேட்டியில் நாயுருவி விதை ஒட்டுமே, அதேபோலத்தான் இதுவும் பிடிக்கிறது. மெல்லிய இழைகளின் மேல் சிலிக்காவாலான நுண்ணிய கொக்கிகள். சின்னஞ்சிறு இறாலினங்கள் உரசினால் மாட்டிக்கொள்ளும். வாயோ வயிறோ கிடையாது. பஞ்சின் செல்களே நகர்ந்து வந்து இரையை மூடி, சில நாட்களில் செரித்துவிடும். இரை அரிதான ஆழத்தில், நீரை ஓயாமல் வடிகட்டுவதைவிட இதுவே கட்டுப்படியாகிறது.

சரி, ஏன் கடற்பஞ்சு? அந்தக் கொக்கிகளைப் பாருங்கள். இரு முனையும் வளைந்து நங்கூரம்போல இருக்கும் இந்த நுண்முட்கள், டெமோஸ்பாஞ்சியே வகுப்பில் போசிலோஸ்கிலெரிடா வரிசைக்கே உரியவை. அந்த வரிசையின் மற்றப் பஞ்சுகள் நீரை வடிகட்டித்தான் வாழ்கின்றன. மரபணு ஒப்பீடும் பிறகு இதையே உறுதிப்படுத்தியது. உங்கள் பாடநூல் தருவது அடையாளக் குறிப்பு. வகைப்பாடு பார்ப்பது வம்சாவளியை. பாம்புக்குக் காலில்லை, ஆனாலும் அது நான்கு கால் விலங்குகளின் வழிவந்ததுதானே?

காண்ட்ரோகிளாடியா என்ற பேரினத்தையும் மாணவியிடம் சொல்லுங்கள். அதுவும் இரை பிடித்து உண்பதே. ஆனால் நீர் ஓடும் பழைய கால்வாய் மண்டலம் அதன் உடலில் இன்னும் மிச்சமிருக்கிறது. வடிகட்ட அல்ல, இரை ஒட்டும் உருண்டைகளை நீர் நிரப்பி உப்ப வைப்பதற்கு.