பழைய கார்ப்பரேட்டரைக் கைவிட்டுவிடாதீர்கள்: வாசகர் கேள்வி-பதில்

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்கு மேல் பழைய வண்டிகளின் கார்ப்பரேட்டர் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து என்ஜினுக்குக் கொடுக்கும் பாகம்) பற்றியவை. யெஸ்டி, ஆர்எக்ஸ் 100, ராஜ்தூத், அந்தக் காலத்து புல்லட் என்று நம் கடலோரத்தில் இன்னும் எத்தனை வண்டிகள் ஓடுகின்றன என்பது இந்தக் கடிதங்களைப் பிரித்த பிறகுதான் தெரிந்தது. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறேன்.

யெஸ்டியில் ஸ்லோ (ஆக்சிலேட்டர் கொடுக்காமல் என்ஜின் மெதுவாக ஓடுவது) நிற்கவே மாட்டேன் என்கிறது. ஒன்று அணைந்துவிடும், இல்லாவிட்டால் தானாகக் கத்தும். மெக்கானிக் சொன்னபடி புது சிலைடு (கார்ப்பரேட்டருக்குள் ஏறி இறங்கிக் காற்று வழியைத் திறந்து மூடும் துண்டு) வாங்கிப் போட்டேன். இரண்டு நாள்தான், மறுபடி அதே கதை. எனக்கு விற்றது டூப்ளிகேட்டா? (பாம்பன்)

இருக்கலாம். ஆனால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வண்டியை நிறுத்திவிட்டு ஏர் ஃபில்டர் பக்கத்துக் குழாயைக் கழற்றி, விரலை உள்ளே விட்டு சிலைடை என்ஜின் பக்கமும் உங்கள் பக்கமும் ஆட்டிப் பாருங்கள். டக் டக் என்று அடித்தால் தேய்ந்திருப்பது சிலைடு மட்டுமல்ல, அது ஏறி இறங்கும் கார்ப்பரேட்டர் பாடியும்தான். என்ஜின் மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் சிலைடு போய் பாடியில் இடிக்கிறது, பாடி துத்தநாகக் கலவை, வருஷக்கணக்கில் இடி வாங்கினால் அது குழியத்தான் செய்யும். தேய்ந்த பாடியில் புது சிலைடு போடுவது, ஓட்டை பெரிதான கதவில் புதுத் தாழ்ப்பாள் மாட்டுவது போலத்தான்.

வழி இருக்கிறது. நல்ல லேத் பட்டறையில் பாடியை உள்ளே கடைந்து மெல்லிய பித்தளை ஸ்லீவ் (உட்குழாய்) இறக்கலாம், அல்லது பாடியைச் சீராக்கிவிட்டு அந்த அளவுக்கு சிலைடைப் புதிதாகக் கடையலாம். இரண்டாவது வழியில் போனால் சிலைடின் அடியில் சரிவாக வெட்டியிருக்கும் பகுதி பழையதில் இருந்த அளவிலேயே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கால்வாசி ஆக்சிலேட்டரில் வண்டி திணறும். ரொம்ப இறுக்கமாகவும் கடைய விடாதீர்கள். சூடானதும் சிலைடு சிக்கிக்கொண்டால் ஆக்சிலேட்டரை விட்டாலும் வண்டி ஓடிக்கொண்டே இருக்கும், பாம்பன் பாலத்தின் மேல் அப்படி ஆனால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். கையை விட்டதும் சிலைடு தானாகக் கீழே விழ வேண்டும். அதுதான் சரியான அளவு.

செலவுக்கு முன் இன்னும் இரண்டு சோதனை. என்ஜின் ஓடும்போது கார்ப்பரேட்டர் சேரும் இடத்தைச் சுற்றி கொஞ்சம் கிரீஸ் அப்புங்கள். ஸ்லோ மாறினால் கேஸ்கட் வழியாகக் காற்று போகிறது, முப்பது ரூபாயில் முடிகிற வேலை. அங்கே ஒன்றும் இல்லையென்றால் கிராங்க் சீலை (கிராங்க் தண்டைச் சுற்றிக் காற்றை அடைக்கும் ரப்பர் வளையம்) பார்க்கச் சொல்லுங்கள். யெஸ்டி மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டியில் அது போனாலும் இதே நோய்தான் காட்டும்.

ஆன்லைனில் "ஒரிஜினல் மிக்குனி" முழு கார்ப்பரேட்டர் 450 ரூபாய் என்று போட்டிருக்கிறான். வாங்கலாமா? (உச்சிப்புளி)

வேண்டாம்.

வாப்பா வாங்கிய ஆர்எக்ஸ் 100. ஒரு ஒர்க் ஷாப்பில் சர்வீஸுக்கு விட்டேன். திரும்பி வந்தபோது கார்ப்பரேட்டர் பளபளவென்று இருந்தது. கேட்டால் "கழுவியிருக்கோம் காக்கா" என்றார்கள். லிட்டருக்கு 40 கொடுத்த வண்டி இப்போது 25 கொடுக்கிறது. பழைய பாடியில் வாப்பா காலத்தில் விழுந்த ஒரு கீறல் இருந்தது, இதில் அதைக் காணோம். (கீழக்கரை)

உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அன்று முழுக்க எனக்கு மனசு சரியில்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். கீறல் கழுவினால் போகாது.

உங்களிடம் பழைய போட்டோ ஏதாவது இருக்கிறதா, கார்ப்பரேட்டர் பக்கம் தெரிகிற மாதிரி? கல்யாண வீட்டில் வண்டியோடு எடுத்தது இருந்தாலும் தேடுங்கள். அப்புறம் அந்த ஒர்க் ஷாப்புக்கு எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப்பில் கேட்டாலும் சரி, நான் கொடுத்த கார்ப்பரேட்டர் எங்கே என்று. பதில் வராவிட்டால் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள புகாருக்குக் கட்டணம் கிடையாது, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். ஒர்க் ஷாப் வெளியூரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அந்த வசதியைத் தந்திருக்கிறது. பில் தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பில் தராததும் அந்தச் சட்டப்படி முறையற்ற வணிகம்தான், அதையும் புகாரில் சேருங்கள்.

மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன், பல வருஷமாக என் நெஞ்சில் கிடக்கிற விஷயம் இது. வண்டியிலிருந்து கழற்றுகிற ஒவ்வொரு பாகமும் உங்களுடையது. தேய்ந்தது, உடைந்தது, கறுத்தது எதுவானாலும் உங்களுடையது. 1996-ல் தயாரிப்பு நின்றுபோன வண்டிக்கு அன்று கம்பெனியிலிருந்தே வந்த கார்ப்பரேட்டர் பாடி என்றால் இன்று அதைத் தேடி அலைகிற கூட்டமே இருக்கிறது. அதைச் சீர்செய்ய முடியும் என்பது மெக்கானிக்குக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது, அந்த இடைவெளியில்தான் திருட்டு நடக்கிறது. "அது போயிடுச்சு, புதுசு போட்டுட்டேன்" என்று ஒரே வரியில் சொல்லிவிடுவார்கள். நாமும் எண்ணெய்ப் பிசுக்கோடு கிடக்கும் பழசை எதற்கு வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று விட்டுவிடுகிறோம். விடாதீர்கள். வண்டியை விடும்போதே இரண்டு பக்கமும் போட்டோ எடுங்கள், பாடியில் இருக்கும் எண்ணும் எழுத்தும் தெரிகிற மாதிரி. ஜாப் கார்டில் (வேலையைக் குறிக்கும் சீட்டு) "கழற்றிய பாகங்களைத் திருப்பித் தரவும்" என்று உங்கள் கையால் எழுதுங்கள். நேர்மையான மெக்கானிக் இதற்குக் கோபப்பட மாட்டார். எனக்குத் தெரிந்த ஒருவர், நாம் கேட்காமலே பழைய ஜெட்டையும் (பெட்ரோல் வரும் நுண்துளைத் திருகு) நீடிலையும் (சிலைடோடு ஏறி இறங்கும் ஊசி) தினத்தாள் துண்டில் மடித்துக் கையில் வைப்பார், அவர் பட்டறையில் எப்போதும் வண்டி நிற்கும்.

ரிப்பேர் கிட் வாங்கி நானே மாட்டினேன். ஸ்லோ ஜெட் அடைத்திருந்தது, செப்புக் கம்பியை விட்டுக் குத்தினேன், போகவில்லை என்று ஊசியை விட்டுக் குத்தினேன். கார்ப்பரேட்டர் நீடில் கொஞ்சம் தடிப்பாக இருந்ததால் அதை எமரி வைத்துத் தேய்த்தேன். இப்போது வண்டி புகை தள்ளுகிறது. கிட் எந்த மாடலுக்கு என்று கவரில் போடவில்லை. பணம் திரும்பக் கிடைக்குமா? (சாயல்குடி)

கிடைக்காது தம்பி, நானும் வாங்கித் தர மாட்டேன். ஜெட்டின் துளை நூறில் ஒரு மில்லிமீட்டர் கணக்கில் துளைத்தது. ஸ்பாகோ கார்ப்பரேட்டரில் 100 என்று போட்டிருந்தால் துளை சரியாக 1 மி.மீ. அதில் இரும்பு ஊசியை விட்டுக் குடைந்த பிறகு அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. அடைப்பை பெட்ரோலில் ஊறப்போட்டுக் காற்றடித்து எடுக்க வேண்டும். நீடிலைத் தேய்த்தால் அது மெலியும், மெலிந்தால் பெட்ரோல் கூடும், புகை வரும். மாடல் போடாத கவரை வாங்கியது முதல் தப்பு. ஜெட், நீடில், நீடில் ஜெட் (நீடில் உள்ளே போய்வரும் துளை) மூன்றையும் உங்கள் வண்டியின் அளவு சொல்லி வாங்குங்கள். நீடிலும் நீடில் ஜெட்டும் ஒன்றோடொன்று உரசித் தேய்கிறவை, ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும்.

அமால் கார்ப்பரேட்டர் போட்ட பழைய புல்லட். ஆறு மாதம் நிறுத்தி வைத்திருந்து எடுத்தேன், பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கிறது. (தொண்டி)

முதலில் ஃப்ளோட் (கார்ப்பரேட்டருக்குள் பெட்ரோல் மட்டத்தைக் காக்கும் மிதவை). பித்தளையாக இருந்தால் கழற்றிக் காதோரம் வைத்து ஆட்டுங்கள், உள்ளே பெட்ரோல் சலசலத்தால் ஓட்டை. அடுப்பிலிருந்து இறக்கி வாசலுக்குக் கொண்டுபோன வெந்நீரில் முக்கினால் குமிழி வரும் இடம் தெரியும். பற்றவைப்பவரிடம் ஈயத்தைத் துளியாக வைக்கச் சொல்லுங்கள், ஃப்ளோட் கனத்தால் பெட்ரோல் மட்டம் ஏறிவிடும். ஃப்ளோட் நன்றாக இருந்தால், பெட்ரோலை அடைக்கும் அதன் ஊசியையும் அது உட்காரும் இடத்தையும் பாருங்கள்.

இப்போது பங்க்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அந்தக் காலத்து ரப்பர் அதற்காகச் செய்தது இல்லை, ஊறி உப்பும். எத்தனால் ஈரத்தையும் இழுக்கும், நம் கடல் காற்றில் கேட்கவே வேண்டாம். ஒரு வாரத்துக்கு மேல் நிறுத்துவதாக இருந்தால் பெட்ரோல் டேப்பை மூடிவிட்டு கார்ப்பரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் காலி செய்யுங்கள்.

பாடி முழுக்க வெள்ளையாகப் பூத்திருக்கிறது. புளி போட்டுத் தேய்க்கலாமா? (மண்டபம்)

கூடாது. ஆசிட்டும் கூடாது. துத்தநாகத்தைப் புளி தின்றுவிடும். பல் துலக்கும் பிரஷ், மண்ணெண்ணெய், பொறுமை. பிறகு நன்றாகக் காயவைத்து லேசாக எண்ணெய் தடவுங்கள். வண்டியை பிளாஸ்டிக் ஷீட்டால் இறுக்கி மூடாதீர்கள், உள்ளே வேர்த்து இன்னும் பூக்கும்.

வாங்கிய சிலைடு உள்ளேயே போகவில்லை. மறுநாளே திருப்பிக் கொடுக்கப் போனேன். பில்லில் "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று அச்சடித்திருப்பதைக் காட்டுகிறார். (தேவிபட்டினம்)

அவர் அச்சடித்தது சட்டம் ஆகிவிடாது. குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டமே சொல்கிறது. வண்டி மாடலைச் சொல்லிக் கேட்டு வாங்கினீர்கள், மறுநாளே போனீர்கள், பில்லும் வைத்திருக்கிறீர்கள். ஒரு வாசகர் எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருந்திருக்கிறீர்கள். சிலைடை எமரி போட்டுத் தேய்த்து உள்ளே தள்ளிவிடாதீர்கள், அப்படியே வைத்திருங்கள். 1915-க்கு இன்றே பேசுங்கள்.

அப்பா இறந்து நான்கு வருஷம் ஆகிறது. அவருடைய ராஜ்தூத்தை என் மகன் ஓட்ட ஆசைப்படுகிறான். கடையில் பழைய கார்ப்பரேட்டரைத் தூக்கிப் போட்டுவிட்டு முழுசாகப் புதிது வாங்கச் சொல்கிறார்கள். (தங்கச்சிமடம்)

அம்மா, தூக்கிப் போடாதீர்கள். என் அப்பாவிடமும் ராஜ்தூத் இருந்தது. அதற்கு மதுரையில் ஒரு கடையில் முழு கார்ப்பரேட்டர் புதிதாக வாங்கினேன், பழையதை இரும்புக் கடையில் எடைக்குப் போட்டேன். ஆறு மாதம் அதோடு மல்லுக்கட்டினேன். ஜெட்டில் ஒரு எண் இருக்கும், குடிக்கிறது வேறு எண்ணுக்கு. பாடி சேரும் முகம் சமமாகவே இல்லை, கண்ணாடித் துண்டின் மேல் எமரித் தாளை வைத்துத் தேய்த்துத் தேய்த்துச் சமப்படுத்தினேன், அப்புறமும் காற்று போனது. கடைசியில் அந்த இரும்புக் கடைக்கே போய் மூன்று நாள் குவியலைக் கிளறினேன். கிடைக்கவில்லை. இன்றும் எந்தப் பழைய இரும்புக் கடையைத் தாண்டினாலும் என் கண் அங்கே போகிறது.

உங்கள் அப்பா வண்டியில் இருப்பதை முதலில் கழற்றி, கழுவி, பாடியில் வெடிப்பு இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெடிப்பு இல்லையென்றால் மற்றதெல்லாம் சரிசெய்யக் கூடியவை. ராமநாதபுரத்திலோ மதுரையிலோ லேத்துக்கு உங்கள் மகனை அனுப்பும்போது பாடியை மட்டும் கொடுத்து அனுப்பாதீர்கள், சிலைடும் கூடப் போக வேண்டும், அது இல்லாமல் ஸ்லீவுக்கு அளவெடுக்க முடியாது. வேலை முடிகிற வரை அவன் பட்டறையிலேயே இருக்கட்டும்.