கார்த்திகை மழைக்கு முன்னே: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: திருவாரூர்ப் பக்கம் ஒரு சிறிய பல்கலைக்கழகத்தில் எம்.எஸ்சி. நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கிறேன். பெரிய ஆய்வகங்களில் கோடைப் பயிற்சி எங்களைப் போன்றவர்களுக்குக் கிடைக்குமா? அதற்கு யாரைப் பிடிக்க வேண்டும்?
– மாணவி, நன்னிலம்

பதில்: யாரையும் பிடிக்க வேண்டாம் அம்மா, தேதியைப் பிடியுங்கள். பெங்களூரு இந்திய அறிவியல் அகாதமி, டெல்லி இந்திய தேசிய அறிவியல் அகாதமி, பிரயாக்ராஜ் தேசிய அறிவியல் அகாதமி மூன்றும் சேர்ந்து ஆண்டுதோறும் கோடைக்கால ஆய்வு உதவித்தொகை தருகின்றன. ஒரு விஞ்ஞானியிடம் இரண்டு மாதம் வேலை. பெயரில் ‘கோடை’ இருப்பதால் மார்ச்சில் தேட ஆரம்பிக்கிறார்கள். விண்ணப்பமோ வழக்கமாக முந்தைய ஆண்டு அக்டோபர், நவம்பரிலேயே முடிந்துவிடும். நம் பக்கம் அது அடைமழைக் காலம். கஜா புயல் வேதாரண்யம் அருகே கரை கடந்தது 2018 நவம்பர் 16 அன்று. அதன் பிறகு எத்தனை நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோம் என்பது உங்களுக்கே தெரியும். அறிவிப்பு வந்ததுமே விண்ணப்பத்தை முடித்துவிடுவது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்று சுமார் 250 சொல்லில் எழுதச் சொல்வார்கள். பெரும்பாலான விண்ணப்பங்கள் விழுவது அங்கேதான். “ஆராய்ச்சியில் மிகுந்த ஆர்வம் உண்டு, வாய்ப்பளித்தால் கடுமையாக உழைப்பேன்” என்று எழுதினால், உங்களை எந்த ஆய்வகத்துக்கு அனுப்புவது என்று படிப்பவருக்குத் தெரியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: “கடல்நீர் ஏறிய வயல் மண்ணிலிருந்து உப்பைத் தாங்கும் பாக்டீரியாவைப் பிரிக்க முயன்றேன். 5 சதவீத உப்பு சேர்த்த எட்டுத் தட்டுகளில் மூன்றில்தான் வளர்ந்தது. அந்த மூன்று மட்டும் ஏன் தாங்கின என்று பார்க்க விரும்புகிறேன்.” தட்டு, எண்ணிக்கை, வளராமல் போனது, அடுத்த கேள்வி எல்லாம் அதில் இருக்கின்றன. நீங்கள் உண்மையில் செய்ததை மட்டும் எழுதுங்கள். நேர்காணல் என்று வந்தால் முதலில் அதைத்தான் கிளறுவார்கள்.

பரிந்துரைக் கடிதத்தில்தான் சிறிய பல்கலைக்கழகத்தின் பலம் தெரியும். இருபது, இருபத்தைந்து பேர் உள்ள வகுப்பில் ஆசிரியருக்கு உங்கள் கையெழுத்தே தெரிந்திருக்கும். எனவே துறைத்தலைவர் என்ற பதவிக்காக ஒருவரைத் தேடிப் போகாமல், உங்கள் ரெக்கார்டு நோட்டைத் திருத்தியவரிடம் கேளுங்கள். மூன்று வாரம் முன்பே போய், மதிப்பெண் பட்டியல், அந்த 250 சொல், செய்த ப்ராஜெக்டின் ஒரு பக்கச் சுருக்கம், கடைசித் தேதி நான்கையும் ஒரே கோப்பில் கொடுங்கள். கடிதத்தை ஆசிரியரே இணையத்தில் ஏற்ற வேண்டியிருந்தால், அதற்கான மின்னஞ்சல் ஸ்பாமில் கிடக்கிறதா என்று இரண்டாம் நாளே பார்க்கச் சொல்லுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே நல்ல பிள்ளைகள் பலர் வாய்ப்பை விடுகிறார்கள்.

இது கிடைக்கவில்லை என்றாலும் பக்கத்திலேயே இடங்கள் உண்டு: ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையம், தஞ்சாவூர் நிஃப்டெம் (தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனம்), வெள்ளாற்று முகத்துவாரத்தில் பரங்கிப்பேட்டை கடல் உயிரியல் மையம். பயிற்சிக்கு எடுப்பார்களா என்று துறை மூலம் கடிதம் அனுப்பிக் கேளுங்கள். தனியாகப் போய் வாசலில் நிற்பதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: மத்திய அரசின் ஸ்வயம் இணையதளத்தில் பாடம் ஒன்றை முடித்துச் சான்றிதழும் வாங்கினேன். பல்கலைக்கழகத்தில் கிரெடிட் (பட்டத்துக்குக் கணக்கில் சேரும் புள்ளி) தர மறுக்கிறார்கள். ஏன்?
– மாணவர், பாபநாசம்

பதில்: பெரும்பாலும் வரிசை மாறியதுதான் காரணம். ஒரு செமஸ்டர் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் வழியே படிக்க யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) இடம் கொடுக்கிறது. ஆனால் எந்தப் பாடத்தை ஏற்பது என்று முடிவு செய்வது உங்கள் பல்கலைக்கழகம். சேரும் முன்பே துறையில் எழுத்து மூலம் ஒப்புதல் வாங்க வேண்டும். உங்கள் பாடத்திட்டத்தில் ஏற்கெனவே உள்ள பாடமாக இருந்தாலோ, பாடம் நடக்கும் வாரக் கணக்கு கிரெடிட்டுக்குப் போதாமல் குறைந்தாலோ தள்ளிவிடுவார்கள். உங்கள் கிரெடிட்டுகளை இணையத்தில் சேர்த்து வைக்கும் கிரெடிட் வங்கிக் கணக்கில் உள்ள பெயரும் சான்றிதழில் உள்ள பெயரும் இனிஷியல் உட்பட ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஸ்வயத்தில் ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் பாடம் என்றால் அசைன்மென்ட்டில் 25க்கு 10, தேர்வில் 75க்கு 30 என இரண்டும் தனித்தனியே வேண்டும். ஜூலையில் தொடங்கும் பாடத்தின் அசைன்மென்ட் கெடு மழை நாட்களில் வரும். கடைசி இரவு வரை வைத்திருக்காதீர்கள்.

கேள்வி: முன்னாள் மாணவர் சங்கம் தொடங்குகிறோம். சிங்கப்பூரில் உள்ள சீனியர்கள் பணம் அனுப்பத் தயார். என் சேமிப்புக் கணக்கிலேயே வாங்கலாமா?
– முன்னாள் மாணவர், மன்னார்குடி

பதில்: வேண்டவே வேண்டாம். மனக்கசப்பு அங்கேதான் தொடங்கும், வரிச் சிக்கலும் உங்கள் தலையில் விழும். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975-இன் கீழ் குறைந்தது 7 பேர் சேர்ந்து, சங்க விதிகளை எழுதி, மாவட்டப் பதிவாளரிடம் பதியுங்கள். பிறகு சங்கத்தின் பெயரில் பான், இரண்டு பேர் கையெழுத்திட்டால்தான் பணம் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு. ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்டி, கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். முதல் ஆண்டு உற்சாகம் அடங்கியதும் சங்கங்கள் தவறுவது இதில்தான். கல்லூரிகளுக்குத் தரம் வழங்கும் நாக் அமைப்பின் மதிப்பீட்டிலும் பதிவு பெற்ற சங்கம் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

சிங்கப்பூர்ப் பணத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. அனுப்புபவர் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்து, தன் சொந்தச் சேமிப்பை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அந்நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் அனுப்பினால், ஓசிஐ அட்டை (இந்திய வம்சாவளியினருக்கான அட்டை) இருந்தாலும், வெளிநாட்டு நன்கொடைதான். அதை வாங்க எஃப்சிஆர்ஏ (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) அனுமதி வேண்டும். பொதுவாக மூன்று ஆண்டாவது இயங்கிய சங்கத்துக்கே அந்தப் பதிவு கிடைக்கும். ஆகவே பாஸ்போர்ட் நகலை முதலிலேயே கேட்டு வாங்கிவிடுங்கள். குடியுரிமை மாறியவர்களிடம் இப்போதைக்கு மாதிரி நேர்காணல் நடத்தித் தரச் சொல்லுங்கள், பிள்ளைகளுக்கு அதுவும் பெரிய உதவி.

வந்த பணத்தை நுழைவாயில் வளைவில் போடாதீர்கள். கோடைப் பயிற்சிக்குப் போகிற பிள்ளைக்கு ரயில் டிக்கெட், விடுதி முன்பணம், தேர்வுக் கட்டணம் என்று சுழல் நிதியாக வைக்கலாம். உறுப்பினர் பட்டியலை டி.சி. வாங்க வரும் நாளிலேயே எழுதி வாங்குங்கள். கல்லூரி மின்னஞ்சல் பிறகு முடங்கிவிடும். சொந்த மின்னஞ்சலோடு பெற்றோர் எண்ணையும் கேளுங்கள். பிள்ளைகள் எண்ணை மாற்றுவார்கள், அப்பா மாற்றமாட்டார்.

கேள்வி: எம்.ஏ. தமிழ் இறுதியாண்டு. இப்போதே நெட் (உதவிப் பேராசிரியர் பணிக்கும் ஆய்வு உதவித்தொகைக்குமான தேசியத் தகுதித் தேர்வு) எழுதலாமா?
– மாணவர், தஞ்சாவூர்

பதில்: எழுதலாம். ஜேஆர்எஃப் எனும் ஆய்வு உதவித்தொகை கிடைத்தால் முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. தமிழ் மாணவர்கள் இரண்டாம் தாளின் 100 கேள்விகளிலேயே மூழ்கி, முதல் தாளின் 50 கேள்விகளை விட்டுவிடுகிறார்கள். கேள்விக்கு 2 வீதம் வரும் அந்த 100 மதிப்பெண்ணில்தான் ஜேஆர்எஃப் கைநழுவுகிறது. அட்டவணைக் கணக்கு, தர்க்கம் இரண்டையும் தினம் அரை மணி நேரம் போட்டுப் பழகுங்கள். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு கிடையாது. ஒரு கேள்வியையும் வெறுமனே விடாதீர்கள்.