பேட்டரி வாங்கும் முன் ஒயரை அளந்து பாருங்கள்

திருத்துறைப்பூண்டியிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: “என்னிடம் 2006-ஆம் ஆண்டு பொலிரோ டீசல் வண்டி இருக்கிறது. ஒன்றரை ஆண்டுக்குள் இரண்டு பேட்டரி மாற்றிவிட்டேன். ஆனாலும் காலையில் செல்ஃப் எடுப்பதில்லை; ‘டக்’கென்ற சத்தத்தோடு நின்றுவிடுகிறது, தள்ளித்தான் ஸ்டார்ட் செய்கிறோம். இரவில் ஹெட்லைட் போட்டு ஓட்டும்போது மீட்டரில் பேட்டரி விளக்கு மங்கலாக எரிகிறது, பகலில் எரிவதில்லை. பேட்டரிக் கடைக்காரர் ஆல்டர்னேட்டர் போய்விட்டது என்கிறார். எலக்ட்ரீஷியனோ பேட்டரிதான் மட்டம் என்கிறார். ஆல்டர்னேட்டரை எக்ஸ்சேஞ்சில் மாற்றிவிடலாமா?”

மாற்ற வேண்டாம். இப்போதைக்கு நீங்கள் எதையுமே வாங்க வேண்டாம், ஒரு சாதாரண மல்டிமீட்டரைத் தவிர. உங்களுக்கு யோசனை சொன்ன இருவரில் ஒருவராவது வண்டியில் மீட்டர் வைத்துப் பார்த்ததாக உங்கள் கடிதத்தில் இல்லை. அளந்து பார்க்காமல் பொருளை மாற்றச் சொல்வது இந்தத் தொழிலில் வழக்கமாகவே ஆகிவிட்டது, அதற்கான செலவு முழுவதும் வண்டிக்காரர் தலையில்தான் விழுகிறது.

நீங்கள் கவனித்துச் சொன்ன மங்கலான விளக்கில்தான் விஷயமே இருக்கிறது. அந்த விளக்கின் ஒரு முனைக்குச் சாவி வழியாகப் பேட்டரியின் மின்சாரம் வருகிறது. மறுமுனை, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் உண்டாக்கிப் பேட்டரியை ஏற்றும் ஆல்டர்னேட்டரோடு சேர்ந்திருக்கிறது. இரண்டு பக்கமும் வோல்ட் சமமாக இருக்கும்வரை விளக்கு அணைந்திருக்கும், ஒரு பக்கம் குறைந்தால் அந்த வித்தியாசத்துக்கு ஏற்றபடி எரியும். சார்ஜ் அறவே நின்றிருந்தால் பகலிலும் நன்றாகவே எரிந்திருக்க வேண்டும். ஹெட்லைட் போட்டால் மட்டும் மினுங்குகிறது என்றால், ஆல்டர்னேட்டர் மின்சாரத்தை உண்டாக்குகிறது, ஆனால் சுமை ஏறும்போது அது வழியில் எங்கோ விரயமாகிறது என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும். தலைமடையில் தண்ணீர் இருந்தும் கடைமடை வயல் காய்கிற நிலை இது. வாய்க்காலைப் பார்க்காமல் அணையைக் குறை சொல்லக் கூடாது. ஆல்டர்னேட்டருக்குள் மின்சாரத்தை ஒரே திசையில் விடும் டையோடு ஒன்று பழுதானாலும் இப்படி எரிவதுண்டு என்றாலும், அது இரண்டாவது சந்தேகம்.

அளப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றி, “வண்டி நிற்கவில்லை, அதனால் ஆல்டர்னேட்டர் நன்றாக இருக்கிறது” என்று தீர்ப்புச் சொல்கிறவர் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள். பழைய டைனமோ காலத்துப் பழக்கம் அது. ஆல்டர்னேட்டர் வண்டியில் பேட்டரி திடீரென விலகினால் வோல்ட் ஒரு கணத்தில் பல மடங்கு எகிறி, அதுவரை நன்றாக இருந்த, வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரையும் டையோடுகளையும் எரித்துவிடக்கூடும். மேலும், உங்கள் வண்டியைப் போன்ற பழைய டீசல் எஞ்சின் ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஓடுவது. சார்ஜ் சுத்தமாக இல்லாவிட்டாலும் அது பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆகவே அந்தச் சோதனையால் எதுவும் தெரியாது, பழுது மட்டுமே வரும்.

இரவு முழுவதும் நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன், பேட்டரியின் இரண்டு ஈயக் கட்டைகளிலும் மீட்டர் முனைகளை வையுங்கள். மேலே மாட்டியிருக்கும் கிளாம்பில் வைக்கக் கூடாது, கட்டையிலேயே வைக்க வேண்டும். 12.6 வோல்ட் இருந்தால் பேட்டரி நிறைந்திருக்கிறது, 12.2 என்றால் பாதி. 12-க்குக் கீழே என்றால் ஏறத்தாழக் காலி. பிறகு சாவியை மட்டும் திருப்புங்கள். பேட்டரி விளக்கு பளிச்சென்று எரிய வேண்டும். எரியவில்லை என்றால் பல்போ அதன் ஒயரோ போயிருக்கிறது. ஆல்டர்னேட்டர் விழித்துக்கொள்வதற்கான முதல் மின்சாரமே அந்தப் பல்பு வழியாகத்தான் போகிறது என்பதால், சில ரூபாய் பல்புக்காக ஆல்டர்னேட்டரைக் கழற்றிய பட்டறைகள் உண்டு. அடுத்து எஞ்சினை ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஆக்சிலரேட்டர் கொடுத்து, பேட்டரியில் பாருங்கள்: 13.8-லிருந்து 14.4 வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் கெட்டு, பேட்டரியைக் கொதிக்க வைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். இனி ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றையும் போடுங்கள். அப்போதும் 13.5-க்குக் கீழே இறங்கக் கூடாது. பெல்ட் தளர்ந்திருந்தாலும் இறங்கும் என்பதால், எஞ்சினை நிறுத்திவிட்டு அதை விரலால் அழுத்திப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் வண்டியில் அது இறங்கும் என்றே எதிர்பார்க்கிறேன். இறங்கினால், சுமை அப்படியே இருக்க, எஞ்சின் ஓடும்போதே மீட்டரின் சிவப்பு முனையை ஆல்டர்னேட்டரின் பின்னால் தடித்த ஒயர் மாட்டியிருக்கும் போல்ட்டிலும், கறுப்பு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவ் கட்டையிலும் வையுங்கள். போல்ட்டில் இருந்து மீட்டர் முனை விலகி இரும்பில் பட்டுவிடாமலும், சட்டைக் கையும் துண்டும் பெல்ட்டில் சிக்காமலும் கவனம் தேவை. மீட்டர் 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்த ஒயரில் பழுது. அதேபோல் ஆல்டர்னேட்டர் உடம்புக்கும் பேட்டரியின் நெகட்டிவ் கட்டைக்கும் இடையே 0.2-க்கு மேல் காட்டினால் எர்த்தில், அதாவது மின்சாரம் எஞ்சின், சேசிஸ் வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் பாதையில் பழுது.

எர்த்தைத்தான் நான் அதிகம் சந்தேகிக்கிறேன். வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் உப்புக் காற்றில் போய்வருகிற வண்டியில், ஐப்பசி கார்த்திகை மழையில் வயல் சேறும் அடியில் ஒட்டிக் காய்ந்தால், எஞ்சினிலிருந்து சேசிஸுக்குப் போகும் எர்த் பட்டை நீண்ட காலம் தாங்காது. மேல் உறை நன்றாகவே இருக்கும்; முனையில் போல்ட்டில் மாட்டும் வளையமான லக் அருகே உறையைக் கீறினால், உள்ளே தாமிர இழைகள் பச்சை பூத்து, கிள்ளினால் பொடியாக உதிரும். மிஞ்சியிருக்கும் நாலைந்து இழைகள் பகல் ஓட்டத்துக்குப் போதும், ஹெட்லைட்டுக்கும் செல்ஃபுக்கும் போதாது. காலையில் ‘டக்’கென்று நிற்பதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம். பேட்டரியின் நெகட்டிவை முதலில் கழற்றிவிட்டு, பட்டையைப் புதிதாகப் போட்டு, அது உட்காரும் இடத்தில் பெயின்ட்டும் துருவும் போக இரும்பு தெரியத் தேய்த்து, இறுக்கிய பிறகு வாசலின் தடவச் சொல்லுங்கள். மேலோடு இன்னொரு ஒயரைச் சுற்றிவிட்டு அனுப்புகிறவரிடம் அதை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஒயரும் எர்த்தும் சரியாக இருந்து, ஆல்டர்னேட்டர் போல்ட்டிலேயே வோல்ட் குறைவாக இருந்தால் மட்டுமே அதைக் கழற்ற வேண்டும். அப்போதும் பெரும்பாலும் கார்பன் பிரஷ் தேய்ந்திருக்கும், அல்லது ரெகுலேட்டர் போயிருக்கும். இரண்டையும் உங்கள் கண்முன்னே மாற்ற முடியும். எக்ஸ்சேஞ்ச் என்பது உங்களுடைய நல்ல காயிலைக் கொடுத்துவிட்டு, யாரோ கழித்ததற்கு அலுமினியப் பெயின்ட் அடித்ததை வாங்கி வருவதாக முடிந்துவிடுகிறது. கொண்டுவந்து கொடுக்கிற இடைத்தரகருக்கு இரண்டு பக்கமும் கமிஷன். கேட்டால் பில்லும் கிடையாது.

உங்கள் வண்டியில் இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருப்பதால் அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன். இந்த வகை டீசல் வண்டிகளில் ஆல்டர்னேட்டரின் முதுகில் வேக்கம் பம்ப் சேர்ந்திருக்கும். பிரேக் மிதிப்பதை இலேசாக்கும் பூஸ்டருக்கு வேண்டிய உறிஞ்சு விசை அதிலிருந்துதான் வருகிறது. அதற்கு எஞ்சின் ஆயில் போக ஒரு குழாயும் திரும்ப ஒரு குழாயும் உண்டு. அதன் ஆயில் சீல் போனால் ஆயில் ஆல்டர்னேட்டருக்குள் கசிந்து பிரஷ்ஷை நனைத்துவிடும். அப்போது எத்தனை முறை பிரஷ் மாற்றினாலும் நிற்காது, சீலையும் சேர்த்து மாற்ற வேண்டும். ஆகவே கழற்றியதும் பின்பக்கத்தில் ஆயில் ஈரம் இருக்கிறதா என்று நீங்களே தொட்டுப் பாருங்கள். திரும்ப மாட்டும்போது பம்ப்பில் கொஞ்சம் ஆயில் விட்டே மாட்ட வேண்டும். உலர்ந்து சுற்றினால் உள்ளே கீறிவிடும். வேறு வண்டியின் ஆல்டர்னேட்டரை, பம்ப் இல்லாமலோ தேய்ந்த பம்ப்போடோ போட்டுவிட்டால் சார்ஜ் ஏறும், பிரேக் கட்டையாகிவிடும். அதனால் பட்டறையை விட்டுக் கிளம்பும் முன், எஞ்சினை நிறுத்தி பிரேக்கை நாலைந்து முறை மிதித்து, காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் தானாகச் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் வண்டியை அங்கிருந்து எடுக்காதீர்கள், யார் என்ன சமாதானம் சொன்னாலும் சரி.

இனி பேட்டரி. பாதிச் சார்ஜிலேயே மாதக்கணக்கில் கிடக்கும் பேட்டரி, எந்த கம்பெனியுடையதானாலும், தகடுகளில் சல்பேட் படிந்து கெட்டுத்தான் போகும். உங்களிடம் இப்போது இருப்பதை வெளியில் சார்ஜரில் முழுவதுமாக ஏற்றி, ஒவ்வொரு செல்லிலும் கிராவிட்டி, அதாவது ஆசிட்டின் அடர்த்தி, பார்க்கச் சொல்லுங்கள். எல்லாமே 1250 அளவில் வந்தால் அது பிழைத்துக்கொள்ளும். ஒன்று மட்டும் மிகவும் இறங்கியிருந்தால் அந்த செல் போய்விட்டது. குறைந்த நீருக்கு டிஸ்டில்ட் வாட்டர் மட்டுமே விட வேண்டும். ஆசிட் ஊற்றிக் கிராவிட்டியை ஏற்றிக் காட்டுவது ஏமாற்று வேலை, போர் தண்ணீர் விஷம்.

வாரண்டி விஷயத்தில் எனக்கு உண்மையிலேயே பொறுமை இல்லை. விற்கும்போது வண்டியின் சார்ஜிங்கை யாரும் அளப்பதில்லை. பேட்டரி கெட்ட பிறகு மட்டும் “சார்ஜிங் கோளாறு, வாரண்டி செல்லாது” என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். எத்தனை வோல்ட் காட்டியது, எந்தக் காரணத்தால் மறுக்கிறார்கள் என்பதை எழுதிக் கேளுங்கள். எழுதித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலும் நீங்கள் பொருளுக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் புகாருக்குக் கட்டணம் இல்லை. அதற்குப் பில்லும், தேதியும் வரிசை எண்ணும் நிரப்பிய வாரண்டி அட்டையும் வேண்டும். அந்த முடிவு தெரியும்வரை பழைய பேட்டரியைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்.