ஒன்பது விளம்பரம் வைத்தும் வருமானம் ஏன் ஏறவில்லை?

கேள்வி: பள்ளிக் கணிதப் பயிற்சி வினாக்களுக்காக ஓர் இணையதளம் நடத்துகிறேன். மாதம் சுமார் 40,000 பக்கப் பார்வைகள். பக்கத்துக்கு 3 ஆக இருந்த கூகுளின் ஆட்சென்ஸ் விளம்பரங்களை ஜனவரி முதல் வாரத்தில் 9 ஆக்கினேன். கிளிக் கூடியது, ஆனால் கைக்கு வந்த தொகை டிசம்பரைவிடக் குறைவு. இதற்கிடையில் ஒருவர், 30 சதவீதப் பங்கு கொடுத்தால் விளம்பரங்களைச் சரியான இடத்தில் வைத்து வருமானத்தை இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்கிறார். ஒப்புக்கொள்ளலாமா? விளம்பரங்களை எங்கேதான் வைப்பது?

பதில்: அந்த நபருக்கு இப்போதைக்குப் பதில் போடாதீர்கள். அவரிடம் அப்புறம் வருகிறேன்.

முதலில் டிசம்பர் கணக்கை மறந்துவிடுங்கள். ஆண்டுக் கடைசியில் விளம்பரதாரர்கள் மிச்சமிருக்கும் பணத்தைக் கொட்டுவார்கள். ஜனவரியில் கையை இறுக்கிக்கொள்வார்கள். நீங்கள் எதையும் தொடாமல் இருந்திருந்தாலும் தொகை இறங்கியிருக்கும். ஒப்பிட வேண்டுமென்றால் போன ஜனவரியோடு ஒப்பிடுங்கள். மொத்தத் தொகையைப் பார்க்க வேண்டாம், ஆயிரம் பக்கப் பார்வைக்கு எவ்வளவு வந்தது என்று பாருங்கள்.

ஆனால் எல்லாப் பழியையும் ஜனவரி மேல் போட முடியாது. ஒவ்வொரு விளம்பர இடமும் ஒரு ஏலம். அந்த இடத்தை ஆட்கள் கண்ணால் பார்க்கிறார்களா என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு விலை கேட்பார்கள். விளம்பரத்தின் பாதிப் பரப்பாவது ஒரு நொடி திரையில் நின்றால்தான் 'பார்க்கப்பட்டது' என்று கணக்கு. கூகுள் 2014-ல் தன் விளம்பரங்களை ஆராய்ந்தபோது 56.1 சதவீதம் யார் கண்ணிலும் படவில்லை என்று தெரிந்தது. அதிகம் பார்க்கப்பட்ட இடமும் பக்கத்தின் உச்சி இல்லை; பக்கம் திறந்ததும் தெரியும் முதல் திரையின் கீழ் விளிம்பை ஒட்டிய இடம். காரணம் எளிது: வினாவைத் தேடி வருகிறவர் தலைப்புக்கு மேலே இருப்பதைப் பார்க்காமலே கீழே தள்ளிவிடுவார்.

உங்கள் பக்கம் ஒன்றை அளந்து பார்த்தேன். கைபேசியில் உயரம் ஏறத்தாழ 5,000 பிக்சல். ஒன்பது விளம்பரம், ஒவ்வொன்றும் 250 உயரம், ஆக 2,250. பக்கத்தில் 45 சதவீதம் விளம்பரம்! கைபேசிப் பக்கத்தின் முக்கியப் பகுதியில் 30 சதவீதத்தைத் தாண்டினால், விளம்பரத் துறையினர் கூடி வகுத்த 'பெட்டர் ஆட்ஸ்' தரநிலைப்படி அது தொல்லை. 2018 பிப்ரவரியிலிருந்து குரோம் உலாவி, இதைத் தொடர்ந்து மீறும் தளங்களின் விளம்பரங்களைத் தடுத்துவருகிறது. ஐந்தை எடுத்துவிட்டு நான்கு வைத்துக்கொள்ளுங்கள். பக்கமும் 3,750 ஆகச் சுருங்கும், விளம்பரம் 27 சதவீதத்துக்குள் நிற்கும்.

எந்த நான்கு? ஆட்சென்ஸ் அறிக்கையில் 'ஆக்டிவ் வியூ' என்று ஓர் அளவு இருக்கும், விளம்பரம் எத்தனை சதவீதம் பார்க்கப்பட்டது என்பதுதான் அது. ஒவ்வொரு விளம்பரத்துக்கும் தனிப் பெயர் கொடுத்திருந்தால் எது பார்க்கப்படுகிறது, எது சும்மா கிடக்கிறது என்று அதுவே காட்டிக்கொடுக்கும். பொதுவாக முதல் வினா முடிந்ததும் ஒன்று, நடுவில் இரண்டு, கடைசி வினாவுக்குப் பிறகு ஒன்று. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்துவிட்டு இரண்டு வாரம் பொறுங்கள்.

இனி கிளிக் கூடிய ரகசியம். ஒவ்வொரு வினாவுக்குக் கீழும் 'விடையைக் காட்டு' பொத்தான், அதற்கு நேர் கீழே விளம்பரம். பக்கம் திறக்கும்போது விளம்பரத்தின் இடம் காலியாகக்கூட இல்லை. உயரமே இல்லாமல் சுருங்கிக் கிடக்கிறது. மாணவர் கட்டைவிரலைப் பொத்தானை நோக்கிக் கொண்டுபோகிறார். அந்த அரை நொடியில் மேலே இருக்கும் விளம்பரம் வந்து இறங்கி எல்லாவற்றையும் கீழே தள்ளுகிறது. பொத்தான் இருந்த இடத்தில் இப்போது விளம்பரம், விரல் அதன் மேல். அவர் எரிச்சலோடு திரும்பி வருகிறார். இதைத்தான் நீங்கள் வளர்ச்சி என்று நினைத்தீர்கள்! இப்படித் தவறிப் பட்ட கிளிக்குகள் செல்லாதவை என்று மாதக் கடைசியில் கழிக்கப்படும். மிஞ்சினால் கணக்கே முடங்கும். போதாததற்கு, 2024 தொடக்கத்திலிருந்து ஆட்சென்ஸ் பணம் தருவது விளம்பரம் காட்டப்படுவதற்குத்தான், கிளிக்குக்கு இல்லை. தீர்வு பெரிய வித்தை ஒன்றும் இல்லை. விளம்பரப் பெட்டிக்கு 250 பிக்சல் உயரத்தை முன்கூட்டியே ஒதுக்கிவிடுங்கள். பொத்தானுக்கும் விளம்பரத்துக்கும் நடுவே வினாவோ பத்தியோ ஏதாவது ஒன்று இருக்கட்டும்.

எந்தப் பக்கத்தில், எந்த நாளில் செல்லாத கிளிக் விழுந்தது என்று கூகுளிடம் கேட்டால் மட்டும் பதில் வராது. ஒரு வரியில் தொகையைக் கழிப்பார்கள், அவ்வளவுதான். மேல்முறையீடு செய்தால் எல்லோருக்கும் போகும் அதே கடிதம் உங்களுக்கும் வரும். குற்றம் என்னவென்று சொல்லாமல் தண்டனையை மட்டும் தரும் இந்த ஏற்பாட்டைப் பல வருடமாகப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது.

குறைக்கச் சொன்னேன், ஒன்றுக்கு மட்டும் விலக்கு. திரையின் விளிம்பில் ஒட்டிக்கொண்டு நிற்கும் 'ஆங்கர்' பட்டை. கட்டுரை படிப்பவர் கீழே போய்க்கொண்டே இருப்பார். கணக்குப் போடுகிறவர் ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் உட்கார்ந்திருப்பார். அந்த ஐந்து நிமிடமும் அவர் கண்ணெதிரே இருப்பது இந்தப் பட்டை மட்டும்தான். அதனால் உங்களைப் போன்ற தளத்துக்கு இது சரியாகப் பொருந்தும். ஆனால் ஆட்சென்ஸின் தானியங்கி விளம்பர அமைப்பில் இருக்கும் ஆங்கரை மட்டும் இயக்குங்கள், அங்கே இருக்கும் மற்றவற்றை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் எடுத்த ஐந்தும் வேறு வழியில் திரும்பி வரும். சாதாரண விளம்பரத்தை நீங்களே ஒட்டவைக்க முயலாதீர்கள். 'அடுத்த வினா' பொத்தான் திரையின் அடியில் இருந்தால் பட்டையை மேலே வையுங்கள், இரண்டும் ஒரே விளிம்பில் கூடாது. வாசகர் அதைச் சுருக்கிவிட்டால் விட்டுவிடுங்கள், மறுபடி திறக்கவைக்க வழி தேடாதீர்கள்.

சரி, உங்கள் 30 சதவீதக்காரர். விளம்பரத்துக்கு ஒருவர் 100 செலவழித்தால், கூகுளின் கழிவுகள் போக உங்களுக்கு வருவது ஏறத்தாழ 68. அதில் 30 சதவீதம் போனால் மிச்சம் 47.6. வருமானம் பாதிக்குப் பாதி கூடினால்தான் நீங்கள் பழைய இடத்துக்குச் சற்று மேலே வருவீர்கள்.

பணத்தைவிட முக்கியம், அவர் 'ஆட்ஸ்.டிஎக்ஸ்டி' (ads.txt) கோப்பில் என்ன சேர்க்கச் சொல்கிறார் என்பது. உங்கள் தளத்தின் விளம்பர இடத்தை யாரெல்லாம் விற்கலாம் என்று நீங்கள் ஊரறியக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு அது. 2017-ல் வந்த ஏற்பாடு. உங்கள் சொந்தக் கணக்கென்றால் வரியில் 'டைரக்ட்' என்று இருக்கும், அடுத்தவர் கணக்கு வழியாக விற்றால் 'ரீசெல்லர்'. தரகர்கள் நூறு வரி அனுப்பி, "பழைய கோப்பை எடுத்துவிட்டு இதைப் போடுங்கள்" என்பார்கள். உங்கள் சொந்த வரியும் அதோடு போய்விடும். அப்புறம் பணம் அவர் கணக்குக்குப் போகும், அவர் மனம் வைக்கும்போது உங்களுக்கு வரும். என் பழைய தளம் ஒன்றில் இப்படித்தான் கையெழுத்துப் போட்டேன். முதல் மாதம் நன்றாக வந்தது, பிறகு ஏழு மாதம் "அடுத்த வாரம்" மட்டும் வந்தது. பெரிய தளங்களுக்கு முறையான பங்குதாரர்கள் உண்டு என்பதை மறுக்கவில்லை, ஆனால் அவர்கள் 40,000 பார்வை உள்ள தளத்தைத் தேடி வர மாட்டார்கள்.

விளம்பரங்களைக் குறைத்த பிறகும் அவர் விடாமல் கேட்டால், இரண்டே கேள்வி எழுதுங்கள்: பணம் முதலில் யார் கணக்கில் விழும்? நான் நிறுத்தச் சொன்னால் எத்தனை நாளில் உங்கள் குறியீட்டை எடுத்துவிட்டு, பாக்கியைத் தருவீர்கள்? எழுத்தில் பதில் வரும்வரை தளத்தின் கடவுச்சொல்லையும் அந்தக் கோப்பையும் யாரிடமும் கொடுக்க வேண்டாம்.