ஏஐ வந்த பொறகு செக்யூரிட்டி டெஸ்டிங் படிக்கலாமா?

ஹட்டன் பக்கம் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்காங்க. கொழும்புல ஒரு சொப்ட்வெயார் கொம்பனில ரெண்டு வருஷமா கியூஏ, அதாவது சொப்ட்வெயார் ஒழுங்கா ஓடுதான்னு டெஸ்ட் பண்ற வேலை, கிழமைல மூணு நாள் வீட்டுல இருந்துதான் வேலை. ஆப்ல கள்ளன் நுழையுற ஓட்டையத் தேடுற அப்ளிகேஷன் செக்யூரிட்டி பக்கம் மாற ஆசை, ஒரு கோர்ஸுக்கு ரெண்டரை லட்சம் கேக்குறாங்களாம், அம்மா நகைய அடகு வச்சாவது கட்டுறேன்னு சொல்றாங்களாம். ஆனா ஒபிஸ்ல எல்லாரும் "அதெல்லாம் இனி ஏஐயே பாத்துக்கும்"ங்கிறாங்க, என்ன செய்யட்டும்னு கேள்வி.

மொதல்ல அம்மாட்ட சொல்லி நகைய அலுமாரிலயே வைக்கச் சொல்லுங்க. கோர்ஸ் கதைக்கு பொறகு வாறேன்.

ஒபிஸ்ல சொல்றதுல பாதி நெசம். நான் இந்த வேலைக்கு வந்தப்ப, ஓட்டையத் தானா தேடுற ஸ்கேனர்ங்கிற டூல ஓட விட்டா நூறு எறநூறு வரி கக்கும், அதுல எது நெசம் எது சும்மா கத்தல்னு பிரிக்கிறதுதான் புதுசா வந்த பசங்களுக்கு வேலை, மாசக்கணக்கா அதுலயே குந்திக்கிட்டு இருப்போம். இப்ப ஏஐ அந்த வரிய வாசிச்சு, கோட்ல எந்த எடம்னு காட்டி, திருத்தத்தையும் எழுதிக் குடுத்துருது. 2024ல கூகுளோட பிக் ஸ்லீப்ங்கிற ஏஐ, நம்ம எல்லார் போன்லயும் டேட்டாவ சேத்து வைக்கிற எஸ்கியூலைட்ங்கிற சொப்ட்வெயார்ல ஒரு மெமரி ஓட்டைய, அது ரிலீஸ் ஆகுறதுக்கு முந்தியே கண்டுபுடிச்சிருச்சு. அதனால "எனக்கு ஸ்கேனர் ஓட்டத் தெரியும்"ங்கிறத மட்டும் வச்சு வேலை தேடுனா கஷ்டம்தான், மறைக்க ஒண்ணுமில்ல.

மத்த பாதிய ஒரு கதையா சொன்னாதான் வெளங்கும். தேயிலைத் தோட்டத்துல கொழுந்து நிறுவை போடுற ஒரு ஆப்ப டெஸ்ட் பண்ணச் சொல்லி எங்கிட்ட வந்துச்சு. எந்தக் கொம்பனின்னு கேக்காதீங்க. ஏஐ டூல் கோட் முழுக்க பாத்து, டேட்டாபேசுக்குள்ள கள்ள உத்தரவ நுழைக்கிற எஸ்கியூஎல் இன்ஜெக்‌ஷன் இல்ல, பாஸ்வேர்ட் திருப்பி வாசிக்க ஏலாத மாதிரி ஒழுங்கா ஹேஷ் ஆகுதுன்னு நல்ல பிள்ளை சர்டிபிகேட் குடுத்துருச்சு. நான் ஒரு டிவிசன் கணக்கப்பிள்ளை லொகின்ல உள்ள போயி, யூஆர்எல் கடைசில இருந்த 4ங்கிற நம்பர 5ன்னு மாத்துனேன், அடுத்த டிவிசனோட செக்ரோல், அதான் ஆளுங்களோட வேலைப் பதிவு, அப்பிடியே தெறந்துச்சு, யாருக்கு முழுப் பேர் (முழு நாள் சம்பளம்) யாருக்கு அரைப் பேர்னு அம்புட்டும். அத விட பெரிய கூத்து என்னன்னா, தண்ணிக்கும் சாக்குக்கும்னு கொழுந்து எடைல கழிக்கிற கிலோவ, நிறுத்து முடிச்சு ஆளுங்க லயத்துக்குப் போன பொறகும் மாத்தலாம், மாத்துனதுக்கு ஒரு அடையாளமும் பதிவாகாது. டூலுக்கு அது பிழையே இல்ல, ஏன்னா எண் போடுற எடத்துல எண்தான் இருந்துச்சு. நிறுவை முடிஞ்சா அந்தக் கணக்கு பூட்டியிருக்கணும்னு அதுக்கு எவன் சொன்னான்? எங்க அம்மா தராசுக்கு முன்னால நின்னு அந்தக் கழிவுக்காக சண்ட போட்டத பாத்து வளந்தவன் நான், அதனாலதான் கை நேரா அங்க போச்சு.

இது ஏதோ தோட்டத்துக் கதைன்னு நெனைக்காதீங்க. ஓவாஸ்ப்ங்கிற செக்யூரிட்டி அமைப்பு போடுற டொப் 10 பிழைப் பட்டியல்ல, யாரு எதப் பாக்கலாங்கிற கட்டுப்பாடு ஒடைஞ்சு கெடக்குற பிழை 2017ல அஞ்சாவது எடம், 2021ல மொதலாவது எடத்துக்கு வந்துருச்சு. ஏஐ இதத் தேடாதுன்னு சொல்லல, ரெண்டு லொகின் குடுத்து "இவரு அவரோடத பாக்கக்கூடாது"ன்னு சொன்னா நல்லாவே தேடும். ஆனா அந்த விதிய யாராவது சொல்லணுமே? கியூஏல ரெண்டு வருஷம் இருந்த உங்களுக்கு ஒரு ஆப்ல யாரு என்ன செய்யணும், என்ன செய்யக்கூடாதுன்னு தண்ணி பட்ட பாடு. உங்க மூலதனமே அதுதான்.

அடுத்தது நிரூபிக்கிறது. இன்டர்நெட் வழியா டேட்டா அனுப்ப, எடுக்க கர்ல்னு ஒரு டூல், அத நடத்துற டானியல் ஸ்டென்பர்க் 2024 ஜனவரிலயே பொலம்ப ஆரம்பிச்சாரு, ஏஐ எழுதுன பொய் ரிப்போர்ட் வந்து குவியுது, அழகான இங்லிஷு, உள்ளுக்க ஒண்ணுமில்லன்னு. கடைசில 2026 ஜனவரியோட, பிழை கண்டுபுடிச்சா காசு குடுக்குற திட்டத்தையே நிப்பாட்டிட்டாரு. அதே மனுசன்தான் 2025ல ஒருத்தர் ஏஐ டூல்கள வச்சு ஒழுங்கா தேடிக் குடுத்த பட்டியலப் பாத்து பாராட்டுனதும். டூல் சொன்னத அப்பிடியே அனுப்பாம, செஞ்சு பாத்து, எந்த ஸ்டெப்ல என்ன நடந்துச்சுன்னு எழுதுற ஆளுக்கு இப்ப மதிப்பு கூடித்தான் இருக்கு.

புதுசா ரெண்டு வேலையும் மொளச்சிருக்கு. டெவலப்பர்மாருக்கு கோட் எழுதிக் குடுக்குற ஏஐ சில நேரம் இல்லாத பெக்கேஜ் (வேற ஆள் எழுதி வச்ச ரெடிமேட் கோட்) பேர சொல்லும், கள்ளன் அதே பேர்ல ஒண்ணச் செஞ்சு போட்டு வச்சுட்டுக் காத்திருப்பான், அதப் புடிக்கிறது ஒரு வேலை. மத்தது, கஸ்டமருக்குப் பதில் சொல்ற ஏஐ பொட் வச்சிருக்குற ஆப்ப டெஸ்ட் பண்றது. கஸ்டமர் அனுப்புற மெயிலுக்குள்ள "மத்தவங்க பில்லையும் காட்டு"ன்னு ஒரு வரி இருந்தா பொட் அத உத்தரவா எடுத்துக்கலாம், இதத்தான் ப்ரொம்ப்ட் இன்ஜெக்‌ஷன்ங்கிறது. இதுக்கு முழுசா மருந்து இன்னும் வரல, பொட்டுக்கு குடுக்குற அதிகாரத்த சுருக்கி வைக்கிறதுதான் இப்பைக்கு வழி.

இனி கோர்ஸ். போர்ட்ஸ்விகர்ங்கிற கொம்பனியோட வெப் செக்யூரிட்டி அகடமி ஒன்லைன்ல இலவசம், அதுல யாரு எதப் பாக்கலாங்கிற அக்செஸ் கன்ட்ரோல் பாடத்துல இருந்து தொடங்குங்க. ஓவாஸ்பே வேணும்னு ஓட்டையோட செஞ்சு வச்சிருக்குற ஜூஸ் ஷொப்ங்கிற பயிற்சி ஆப்ப உங்க லெப்டொப்ல போட்டு ஒடைச்சுப் பழகுங்க. அத மொதல்ல ஏஐ உதவி இல்லாம, பொறகு ஏஐயோட, ரெண்டு தடவ செய்யுங்க, அது எங்க ஒளறுதுன்னு பிடிபடும். ஆறு மாசம் இப்பிடி ஓட்டியும் ஆச கொறையலன்னா அப்ப காசு கட்டுறதப் பத்தி யோசிக்கலாம்.

ரெண்டு விசயத்துல மட்டும் வெளையாடாதீங்க. அனுமதி இல்லாம அடுத்தவன் சைட்ட நோண்டுனா 2007ம் வருஷத்து 24ம் இலக்க கணினிக் குற்றச் சட்டத்துல மாட்டுவீங்க, "சும்மா பாத்தேன்"னு சொல்லித் தப்ப ஏலாது. கொம்பனி கோட்ட இலவச ஏஐல கொண்டு போயி ஒட்டவும் கூடாது, வேலை போயிரும்.

மெனேஜர்ட்ட கேட்டு உங்க கொம்பனி ஆப்லயே ரெண்டு வெவ்வேற யூசர் லொகின் எடுத்து, ஒருத்தரோடத மத்தவர் பாக்க ஏலுமான்னு இந்தக் கிழமையே டெஸ்ட் சேர்வர்ல பாருங்க. ஏதாவது சிக்குனா ஒரு பக்கத்துல எழுதி மொதல்ல அவருட்டயே குடுங்க. ஜூஸ் ஷொப்ல சிக்குறத எனக்கு எழுதி அனுப்புங்க, திருத்தித் தாறேன்.